ஆறாவது கல்லுக்கு அப்பால்

வியாழக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு மாசானம் போன் செய்தான். டெனிசன் ஸ்பீக்கரையும் போட்டு, போனை வலது காதோடு அழுத்திக்கொண்டான். இடது காதை அவன் நம்புவதை விட்டு மூன்று வருடம் ஆகிறது.

“அண்ணாச்சி, பிளான்ட்ல கம்ப்ரசர் படுத்துட்டு. சூப்பர்வைசர் விடமாட்டேங்கான். இன்னைக்கு வீட்டுக்கு வர முடியாது போல. நாலாவது யூனிட்டை மட்டும் நீங்களே கேட்டுப் பாத்து மூடிருங்க. காயில் நடுவுல நிக்குதா, எங்கயும் ஒரசலியான்னு பாத்தாப் போதும். உங்க காதுக்கு அதெல்லாம் ரெண்டு நிமிசம்லா!”

“நீ வேலையப் பாரு. நான் மூடிடறேன்.”

சொன்ன பிறகுதான் டெனிசன் தன் காதை நினைத்தான்.

மாசானம் தென்காசிப் பக்கத்துக்காரன். ஒரகடத்தில் ஒரு டயர் கம்பெனியில் மெயின்டனன்ஸ் எலக்ட்ரீஷியன். ஆறு வருடமாக டெனிசன் வீட்டின் பின்னறையில் வாடகைக்கு இருக்கிறான். சிகரெட் கிடையாது, சீட்டாட்டம் கிடையாது. குழாய் ஸ்பீக்கர் பைத்தியம் ஒன்றுதான். கோயில் திருவிழாவில் கம்பத்தில் கட்டுவார்களே, அந்தக் கூம்பு. வெளியே தெரியும் கூம்பு வெறும் அலுமினியத் தகடு. அதன் பின்னால் திருகியிருக்கும் கனத்த டப்பாவுக்குத்தான் யூனிட் என்று பெயர். சத்தம் பிறப்பது அதற்குள்ளே.

படப்பையில் ஒரு காயலாங்கடையில் அப்படி நான்கு பழைய யூனிட்கள் குப்பைபோலக் கிடந்ததைப் பார்த்தான் மாசானம். ஒவ்வொன்றும் மூன்று கிலோ. பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தான். ஐந்து மாதம் அவற்றோடுதான் குடித்தனம். துருவைச் சுரண்டினான். காந்தத்தின் வளையம் போன்ற இடுக்கில் ஒட்டியிருந்த இரும்புத் தூளை, செல்லோ டேப்பை மடித்து உள்ளே விட்டு விட்டு எடுத்தான். இந்தப் பக்கத்துக் காற்றில் இரும்புத் தூளுக்கா பஞ்சம்? தலைமுடி கனத்தில் இருந்த கம்பியை வாங்கி, காயில் என்கிற கம்பிச் சுருளைப் புதிதாகச் சுற்றினான். பிசின் ஊறிய பழைய துணிச் சவ்வுகளை மட்டும் மாற்றவில்லை. “இதுதான் அண்ணாச்சி இதோட நாக்கு. இதை மாத்துனா வேற எவனோ பேசுத மாதிரி ஆயிரும்” என்பான்.

காயிலை அந்த இடுக்கில் சரியாக நடுவில் உட்கார வைப்பதுதான் உயிர்நிலை. நூல் அளவு தள்ளினாலும் காந்தத்தில் உரசும். உரசினால் பேச்சோடு சேர்ந்து கரகரவென்று வரும். இதைக் கண்டுபிடிக்க மாசானம் ஒரு சின்னப் பெட்டி வைத்திருந்தான். அதிலிருந்து ‘ஊம்’ என்று ஒரு ரீங்காரத்தை யூனிட்டுக்கு அனுப்பி, காதைக் கிட்டே வைத்துக் கேட்க வேண்டும். மூன்று யூனிட்களை இருவரும் சேர்ந்து கேட்டார்கள். மாசானம் முதலில் கேட்டு, “இதுல ஒண்ணும் இல்லைல்லா அண்ணாச்சி?” என்பான். “சுத்தமா கீது” என்பான் டெனிசன். மாசானத்தின் முகத்தைப் பார்த்துச் சொல்கிற பதில் அது.

டெனிசன் காது என்றால் இந்தப் பக்கம் ஒரு பேர் உண்டு. இருபது வயதில் மாதா கோயில் கோபுரத்தில் ஏறிக் குழாய் கட்டியவன். ஒரு பர்லாங்குக்கு அப்பால் நின்று, எந்தக் குழாயில் ஒயர் லூஸ் என்று சொல்லுவான். அது அப்போது. அதன் பிறகு இருபத்திரண்டு வருடம், தகட்டை அடித்து வளைக்கும் நானூறு டன் பிரஸ்ஸின் முன்னால் நின்றிருக்கிறான். கம்பெனி கொடுத்த காதடைப்பானைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டே பாதி சர்வீஸ் போய்விட்டது. போட்டால் மெஷின் பேச்சு புரியவில்லை என்று அன்றைக்கு எல்லோரும் சொன்னார்கள், அவனும் சொன்னான்.

வருடா வருடம் கம்பெனியில் காது டெஸ்ட் நடக்கும். கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, சத்தம் கேட்டால் பட்டனை அழுத்த வேண்டும். டெனிசன் மூன்று வருடமாக நர்ஸின் தோள்பட்டையைப் பார்த்துத்தான் அழுத்துகிறான். சத்தம் அனுப்பும்போது அந்த அம்மாவின் தோள் லேசாக இறங்கும். தெரிந்தால் பிரஸ்ஸிலிருந்து எடுத்து பேக்கிங்கில் போடுவார்கள். லைன் லீடர் டெனிசன், அட்டைப்பெட்டிக்கு ஸ்டிக்கர் ஒட்டுவதா? அதைவிட, செவிடு என்று ஒருத்தன் சொல்லிவிட்டால் போதும், பிறகு ஊரே சொல்லும். அந்த ஒரு வார்த்தை தன் காதில் விழக் கூடாது என்றுதான் அவன் இத்தனை பாடும் பட்டான்.

இப்போது பின்னறையில் நாலாவது யூனிட் திறந்து கிடந்தது. டெனிசன் ரீங்காரப் பெட்டியைப் போட்டான். ரீங்காரம் கேட்டது. அடித் தொண்டைச் சத்தமெல்லாம் இன்னும் கேட்கிறது. அதன் மேல் மெல்லிசாகக் கரகரப்பு இருக்கிறதா? வலது காதை வைத்தான். இடது காதை வைத்தான். ஒன்றுமில்லை. ஒன்றுமே இல்லாததால் ஒன்றுமில்லையா, தனக்குத்தான் ஒன்றுமில்லையா?

சமையலறையில் மனைவி ஜெர்சி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். ஒரு குரல் கொடுத்தால் வந்து கேட்டுச் சொல்லிவிடுவாள். ஆனால், ‘ஏன், உனக்குக் கேக்கலியா?’ என்று கேட்பாளே!

டெனிசன் நான்கு ஸ்க்ரூவையும் போட்டு மூடிவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஏரிக்கரையில் கூட்டம் கூடிவிட்டது. இது சும்மா வேடிக்கையில்லை. போன வருடம் ஐப்பசி மழையில் ஏரி நிரம்பி, உபரி நீர் போகும் கலங்கலில் வழிந்தபோது காலை பதினோரு மணி. பஞ்சாயத்து வாட்ஸ்அப் குரூப்பில் பத்தரைக்கே எச்சரிக்கை போட்டார்கள். ஏரிக்குக் கீழே, கம்பெனித் தொழிலாளர்கள் குடியிருக்கும் அந்தோணியார் நகரில் யார் பார்த்தது? காலை ஏ ஷிப்ட்காரர்களின் போன் கம்பெனி லாக்கரில் இருந்தது. இரவு சி ஷிப்ட் முடித்து வந்தவர்கள் தூக்கத்தில் இருந்தார்கள். கட்டில் காலில் தண்ணீர் ஏறிய பிறகுதான் எழுந்தார்கள். நல்லவேளை, உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை; பாய், தலையணை, பள்ளிக்கூடப் புத்தகத்தோடு போயிற்று. இந்த வருடம் மதகு மேட்டில் ஒரு கம்பம் நட்டு நான்கு குழாய் கட்டுவதென்று பஞ்சாயத்தில் முடிவானது. கூம்புக் குழாய்க்குப் போலீஸ் தடை உண்டே என்று ஒருத்தர் கேட்டார். வெள்ள எச்சரிக்கைக்கு மட்டும் என்று எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கிவிட்டார் வார்டு மெம்பர் கன்னியப்பன்.

கன்னியப்பன் சென்னையிலிருந்து நான்கு புது யூனிட் வரவழைத்திருந்தார். பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுக்கலாம் என்ற பேச்சு. மாசானம் தன்னுடைய நான்கையும் சும்மாவே தருகிறேன் என்றான்.

“சும்மா தர்ற பொருளை நம்பலாமாய்யா?” என்றார் கன்னியப்பன்.

“நம்பாண்டாம் மெம்பர். நடக்க வச்சுப் பாப்போம்” என்றான் மாசானம்.

அது அவன் ஊர்ப்பக்கத்து வழக்கம். இரண்டு மைக் செட்காரர்கள், ‘என் குழாய்தான் தெளிவு’ என்று மல்லுக்கு நின்றால், ஒரு ஆளைக் கரையில் நடக்க விடுவார்கள். மைக்கில் ஒருத்தர் உத்தரவு போடுவார்: கையைத் தூக்கு, உட்கார், திரும்பு. நடக்கிறவர் எந்த இடத்தில் உத்தரவை விட்டுவிட்டுச் சும்மா போகிறாரோ, அந்தக் குழாயின் எல்லை அதுதான். சத்தம் எவ்வளவு தூரம் போகிறது என்பது கணக்கில்லை. பேச்சு எவ்வளவு தூரம் போகிறது என்பதே கணக்கு. ஐம்பது அடிக்கு ஒரு கல்லாக, மதகிலிருந்து அந்தோணியார் நகர் முதல் வீடு வரை இருபத்தெட்டு கல் போட்டுச் சுண்ணாம்பு அடித்து வைத்திருந்தான் மாசானம். நடக்கிற ஆள் யார்? அதில் யாருக்கும் சந்தேகமே இல்லை. டெனிசன்தான்.

முதலில் புது யூனிட். மைக் கன்னியப்பன் கையில். மைக் கிடைத்துவிட்டால் அவரிடமிருந்து பிடுங்க ஆள் பிறக்க வேண்டும்.

“ஹலோ, ஹலோ. சபையோருக்கு வணக்கம். டெனிசா! வலது கையைத் தூக்கு!”

தூக்கினான். கரை முழுக்கச் சிரிப்பு. இரண்டாவது கல்லில் உட்காரச் சொன்னார்; உட்கார்ந்தான். நாலாவது கல்லில் துண்டைத் தலையில் கட்டச் சொன்னார், கட்டினான். ஆறாவது கல்லைத் தாண்டியதும் அவர் குரல் வெறும் கீச்சாக மாறிவிட்டது. யாரோ தகரத்தை ஆணியால் கீறுவதுபோல் ஏதோ வருகிறது. அது பேச்சாக வந்து சேரவில்லை. டெனிசன் நடந்துகொண்டே இருந்தான்.

“திரும்புய்யா! யோவ், உன்னைத்தான்!”

அவன் போய்க்கொண்டே இருந்தான்.

“கட்டின பொண்டாட்டி பேச்சையே கேக்க மாட்டான், மெம்பர் பேச்சையா கேக்கப் போறான்?” என்று யாரோ சொல்ல, சிரிப்பு. மாசானம் மட்டும் சிரிக்கவில்லை. அவன் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு புது யூனிட்களைப் பார்த்தான். இது ஆறாவது கல்லில் நிற்கிற சரக்கு இல்லையே என்று அவனுக்குத் தோன்றியது. என்றாலும் நோட்டில் ஆறு என்று எழுதிக்கொண்டான்.

பிறகு பழையது. அதே குழாய், அதே ஆம்ப்ளிஃபையர். யூனிட்டை மட்டும் கழற்றி மாற்றினார்கள். டெனிசன் இரண்டாவது கல்லில் போய் நின்றான்.

கன்னியப்பன் மைக்கை வாய்க்குக் கொண்டுபோனார். “ஹலோ. டெனிசா, இடது கையைத் தூக்கு.”

டெனிசனுக்கு நன்றாகக் கேட்டது. மூன்று வருடத்தில் இவ்வளவு நன்றாக யார் பேசியும் கேட்டதில்லை. சந்தோஷமாக இடது கையைத் தூக்கிவிட்டு, சிரித்த முகமாகத் திரும்பிப் பார்த்தான்.

யாரும் அவனைப் பார்க்கவில்லை. பெண்கள் காதைப் பொத்திக்கொண்டிருந்தார்கள். ஒரு குழந்தை அழ ஆரம்பித்திருந்தது. கன்னியப்பன் மைக்கைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு கம்பத்தின் உச்சியைப் பார்த்தார். மாசானம் கம்பத்தடியில் நின்றான். அவன் முகத்தைப் பார்த்ததும் டெனிசனுக்குத் தூக்கிய கை தானாக இறங்கிவிட்டது. என்ன சத்தம் வந்தது என்று அவனுக்குத் தெரியாது. எதிலிருந்து வந்தது என்று தெரியும்.

“இன்னா மாசானம், வெள்ளம் வருதுன்னு சொல்லச் சொன்னா காக்காக் கூட்டத்தை வுட்டுக்கிற!” கன்னியப்பன் மைக்கை அணைக்காமலே பேசினார். அந்தப் பேச்சும் கரகரவென்று ஏரியெங்கும் போயிற்று. “இதுக்கா அஞ்சு மாசம்? எடுத்துக்கினு போய் எந்தக் கடையில வாங்கினியோ அங்கியே போடு. புதுசையே மாட்டிடலாம்.”

மாசானம் கம்பத்தில் ஏறினான். ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து நாலாவதைக் கழற்றி இறக்கினான். பலகையில் வைத்துத் திறந்தான். காயிலின் ஒரு பக்கம் உரசி உரசி, செம்புக் கம்பி பளபளவென்று தெரிந்தது. அதையே கொஞ்ச நேரம் பார்த்தான். யார் கேட்டு மூடியது என்று அவனுக்குத் தெரியாதா? டெனிசன் கிட்டே வந்துவிட்டதை ஓரக்கண்ணால் பார்த்தான். பிறகு நிமிர்ந்தான்.

“எந் தப்புதான் மெம்பர். அவசரத்துல நடுவுல வைக்காம மூடிட்டேன்” என்றான்.

டெனிசன் வாயைத் திறக்காவிட்டால் இதோடு முடிந்தது. மாசானம் இதைப் பற்றி ஒருநாளும் பேசமாட்டான். நாளைக்கும் ‘அண்ணாச்சி’ என்றுதான் கூப்பிடுவான். ஐந்து மாதமாக டேப்பை மடித்து மடித்து இரும்புத் தூளை எடுத்த பயல், மூன்றே வார்த்தையில் எல்லாப் பழியையும் எடுத்துத் தன் தலையில் போட்டுக்கொண்டான். இப்படி ஒரு மனுஷனுக்கு முன்னால் லைன் லீடர் என்ன, செவிடு என்ன?

“மெம்பர், அவன் மூடலை. நான்தான் மூடினேன்” என்றான் டெனிசன்.

“ரெண்டு பேரும் ஒண்ணுதானய்யா. வுடு.”

“ஒண்ணு இல்லை. ஒரசுதான்னு கேட்டுட்டு மூடுன்னு சொன்னான். எனக்குக் கேக்கல. கேட்ட மாதிரி மூடிட்டேன்.” பலகையில் இருந்த யூனிட்டைக் காட்டினான். “இப்ப கத்திச்சே, அதுவும் எனக்குக் கேக்கல. மூணு வருஷமா காது போயிடுச்சி மெம்பர். பிரஸ்ஸு.”

கரையில் பேச்சு நின்றது. அல்லது தனக்குத்தான் கேட்கவில்லையோ என்று அவனுக்கு ஒரு நிமிடம் சந்தேகம். எல்லோருடைய வாயையும் பார்த்தான். மூடித்தான் இருந்தன.

ஜெர்சி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். வந்து அவனுக்கு வலது பக்கமாக நின்றாள். எப்போதும் அந்தப் பக்கம்தான் நிற்பாள். அது ஏன் என்று இந்த நிமிடம்தான் அவனுக்கு உறைத்தது.

“உனக்குத் தெரியுமா?” என்றான்.

“தெரியாம? ஃபாதர் பிரசங்கத்துல இன்னா சொன்னாருன்னு வாரா வாரம் வழியெல்லாம் உங்கிட்ட திருப்பிச் சொல்லிக்கினு வரனே, எனக்கு வேற பொழப்பு இல்லன்னா? கடைக்காரன் வெலை சொன்னா, ‘இன்னாது, நாப்பது ரூபாயா’ன்னு நான் ஏன் கத்தறேன்னு நெனச்ச? எனக்கா காது கேக்கல?”

“ஏன் சொல்லல?”

“நீ எப்ப சொல்றன்னு பாத்தேன்” என்றாள் ஜெர்சி. “மூணு வருஷம் ஆயிடுச்சி. பரவால்ல.”

டெனிசனுக்கு அவள் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. ஊர் பார்க்கிறதே என்று தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தான்.

கன்னியப்பன் லேசுப்பட்டவர் இல்லை. ஆனால் கெட்டவரும் இல்லை. அவர் குரலைத் தாழ்த்தினார். “சரி டெனிசா, மனசுல வெச்சிக்காத. ஆனா நடந்து பாத்ததெல்லாம் செல்லாதுல்ல? காது நல்லா கீற ஒரு ஆளா பாத்து நடக்க வுடுவோம்.”

“எதுக்கு?”

கேட்டது கனகம். அந்தோணியார் நகரின் பள்ளமான கடைசித் தெருவில் இருப்பவள். போன வருடம் அவள் வீட்டில்தான் தண்ணீர் முதலில் புகுந்தது.

“எதுக்குன்னா? கேக்கத்தான்.”

“காது நல்லா கீறவன் எந்தக் குழாயா இருந்தாலும் கேட்டுக்கினு ஓடிப்பூடுவான் மெம்பரே. எங்க நகர்ல இன்னா, காலேஜ் பசங்களா குடியிருக்காங்கோ? இதோ நிக்குதே எங்க வூட்டுக்காரு, போர்ஜிங்ல இரும்படிச்சி பதினெட்டு வருஷம். டிவிய வெக்கிற வெப்புல பக்கத்து வூட்டுக்காரி சண்டைக்கு வரா. எதிர்வூடு பிரஸ்ஸு. பின்னாடி வூடு டயரு. இவங்களுக்குக் கேக்கணும். இவங்களுக்குக் கேக்காத ஸ்பீக்கர நீங்க தங்கத்துல செஞ்சி மாட்டினாலும் எங்களுக்கு எதுக்கு? டெனிசண்ணனே நடக்கட்டும்!”

கனகத்தின் புருஷன் சின்னப்பையன் தலையைக் குனிந்துகொண்டான். “ஏய், சும்மா இருடி” என்று முணுமுணுத்தான். பிறகு என்ன நினைத்தானோ, கூட்டத்திலிருந்து வெளியே வந்து டெனிசன் பக்கத்தில் போய் நின்றான். “எனக்கும் கேக்காது மெம்பர். நானும் நடக்கறேன்.”

அவனைப் பார்த்து இன்னும் மூன்று பேர் வந்தார்கள். ஒருத்தன் டெனிசனின் கம்பெனியிலேயே வெல்டிங்கில் இருக்கிறவன். தினமும் ஒரே பஸ்ஸில் போய்வருகிற இரண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் மறைத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்! அவன் டெனிசனைப் பார்த்து, “பஸ்ல நான் சொல்ற ஜோக்குக்கெல்லாம் சிரிப்பியே?” என்றான்.

“உன் மூஞ்சியப் பாத்து சிரிப்பேன்.”

“நானும் அதான் பண்ணிக்கினு இருந்தேன்!”

அவர்கள் சிரித்த சிரிப்பில் அழுத குழந்தைகூட நின்றுவிட்டது.

மாசானம் அதற்குள் வேலையில் இறங்கியிருந்தான். பழைய எக்ஸ்ரே படம் ஒன்றை மெல்லிய கீற்றுகளாக வெட்டினான். நான்கு கீற்றுகளைக் காயிலைச் சுற்றி இடுக்கில் செருகி, காயில் நடுவில் நிற்கும்படி அணைகட்டி, ஸ்க்ரூவைப் பாதி இறுக்கி, கீற்றுகளை உருவினான். ரீங்காரப் பெட்டியைப் போட்டுவிட்டு, இரண்டு கையும் யூனிட்டில் இருக்க, கேட்டுச் சொல்ல ஆள் தேடி நிமிர்ந்து பார்த்தான்.

“நான் கேக்கறேன், கொடு” என்று ஜெர்சி குந்தி உட்கார்ந்து காதைக் கொடுத்தாள். “இந்தாண்ட லேசா கர்னுது தம்பி.”

மாசானம் நூல் அளவு தள்ளினான்.

“இப்ப அந்தாண்ட.”

மறுபடி தள்ளினான். டெனிசன் ஸ்க்ரூக்களை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான். வியாழக்கிழமை ஒரு குரல் கொடுத்திருந்தால் இரண்டு நிமிட வேலை. இருபது நிமிடம் ஆயிற்று. யாரும் அதைச் சொல்லிக் காட்டவில்லை.

“ம். வழவழன்னு கீது. மூடு” என்றாள் ஜெர்சி.

ஐந்து பேரும் வரிசையாக நடந்தார்கள். முதலில் மறுபடி புது யூனிட். ஆறாவது கல்லில் டெனிசன் நின்றான். ஏழாவதில் வெல்டிங்காரன். ஒன்பதுக்கு மேல் ஒருவரும் தாண்டவில்லை. கூடவே போன கனகம் மட்டும் பதினைந்தாவது கல்லிலும் ஒவ்வொரு உத்தரவையும் தெளிவாகத் திருப்பிச் சொன்னாள். புது யூனிட்டில் கோளாறு ஒன்றுமில்லை.

பிறகு பழையது. குழாய் வாயைத் திறந்ததும் கன்னியப்பன் தன் குரலைத் தானே கேட்டு ஒரு நிமிடம் பேச்சை நிறுத்திவிட்டார். கரகரப்பு இல்லை, கீச்சு இல்லை. பக்கத்தில் நின்று பேசுகிற ஆம்பளைக் குரல்.

ஆறாவது கல் போயிற்று. ஒன்பது போயிற்று. பதினொன்றில் ஐந்து பேரையும் குந்தச் சொன்னார். ஐந்து பேரும் குந்தினார்கள். பதினாலில் எழுந்து ஒரு சுற்று சுற்றச் சொன்னார், சுற்றினார்கள். சின்னப்பையன் வேட்டி தடுக்கி விழப் பார்த்தான். பதினாறில் ஒருத்தன் கழன்றுகொண்டான். ஐந்து பேரில் வயதானவன் அவன். இரண்டு காதும் போனவன். அவன் வீட்டுக்கு மழை நாளில் கனகம் நேரில் போய்க் கதவைத் தட்டுவது என்று அங்கேயே பேசி முடித்தார்கள். மற்ற நான்கு பேரும் போய்க்கொண்டே இருந்தார்கள்.

மதகு மேட்டில் கன்னியப்பன் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு, “இன்னா மாயம் பண்ணய்யா?” என்றார்.

“மாயம் என்ன மெம்பர்? பிரஸ்ஸும் போர்ஜிங்கும் மனுசனுக்கு முதல்ல கீச்சுச் சத்தத்தைத்தான் பறிக்கும். புதுசு கீச்சுலதான் பேசுது. பழசு நெஞ்சுலருந்து பேசுது. அம்புட்டுதான்.” மாசானம் நோட்டில் ‘இருபத்திரண்டு தாண்டியாச்சு’ என்று எழுதினான். “ஊர்ப் பக்கத்துக்கு இன்னும் ரெண்டு குழாய் கட்டி, புதுசுல ரெண்டை வச்சுக்கிடுங்க. மத்த ரெண்டையும் திருப்பிருங்க. நகர் பக்கத்துக்கு நாலும் பழசே நிக்கட்டும்.”

“எழுதிக்கோ. அப்டியே மாட்டு” என்றார் கன்னியப்பன். பிறகு கொஞ்சம் தயங்கி, “காக்கான்னு சொன்னத மனசுல வெச்சிக்காதய்யா” என்றார்.

டெனிசன் அப்போது இருபத்தைந்தாவது கல்லில் இருந்தான். அந்தோணியார் நகரின் முதல் வீடு, அதன் வாசலில் காயும் யூனிபார்ம் சட்டைகள், எல்லாம் கண்ணுக்குத் தெரிந்தன. பின்னால் குழாய் கொஞ்ச நேரம் சும்மா இருந்தது. அடுத்த உத்தரவுக்காக நால்வரும் காத்து நின்றார்கள்.

“ஹலோ” என்றது குழாய். கன்னியப்பன் இல்லை. “இது ஜெர்சி பேசறேன்.”

டெனிசன் குழாய்ப் பக்கம் திரும்பினான். சமையலறையிலிருந்து கூடத்துக்கு வருவதற்குள் பாதி உதிர்ந்துபோகிற குரல், ஏரியைத் தாண்டி ஒரு எழுத்துக்கூடச் சிந்தாமல் வந்து சேர்ந்திருந்தது. அந்த ‘ற’வைக்கூட அவள் கொஞ்சம் அழுத்தித்தான் சொல்லுவாள். அதை அவன் மறந்தே போயிருந்தான். மாசானத்துக்குக் கோயில் கட்டினாலும் தகும் என்று நினைத்தான். கனகத்துக்கு, அந்தச் சின்னப்பையனுக்கு, காந்தத்துக்கு, துணிச் சவ்வுக்கு, எல்லாவற்றுக்கும்.

“டெனிசன், கேக்குதா? கேட்டா அந்தத் துண்ட ஆட்டு.”

ஆட்டினான்.

“வூட்ல கொழம்பு ஆறிக்கினு கீது. மாசானத்தையும் சாப்புடக் கூப்ட்ருக்கேன். அப்பறம், நாளைக்கு ஷிப்ட்டுக்குப் போனதும் மொதல்ல நேரா கம்பெனி டாக்டராண்ட போற. காது கேக்கலன்னு உன் வாயால சொல்ற. எந்த லைன்ல போட்டாலும் போட்டுக்கட்டும். சரின்னா, ரெண்டு கையையும் தூக்கு. ஊர் பாக்கட்டும்.”

கரை முழுக்கத் தலைகள் இந்தப் பக்கம் திரும்பின. டெனிசன் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, இரண்டு கையையும் நன்றாக உயர்த்தித் தூக்கினான்.

பக்கத்தில் சின்னப்பையனும் தூக்கினான். அவனை யாரும் கேட்கவில்லை.